ஒருத்தி குறைவு

அங்கோனாவில் இறங்கும்போது
வாயிலில் நின்ற ஸ்வோனிமிர்
அட்டையை இயந்திரத்தில் காட்டச் சொன்னான்.
டிங் என்றது.
கப்பலில் இப்போது
இரண்டாயிரத்து நூற்றுப் பதினொரு பேர்,
நான் நீங்கலாக.

படிவத்தில் 'காரணம்' என்றொரு கட்டம்.
முந்தின நாள் வரவேற்பு மேசையில்
பேனாவைக் கடித்தபடி நெடுநேரம் நின்றிருந்தேன்.
ஓர் இரவுதான், பாரியில் ஏறிக்கொள்வேன்,
எனக்காகக் கப்பல் காத்திருக்காது என்பது தெரியும்,
கையெழுத்து, இன்னொரு கையெழுத்து,
காரணம் மட்டும் வரவில்லை.
கடைசியில் 'சொந்த வேலை' என்றெழுதினேன்.
எனக்கு அங்கே ஒரு வேலையும் இல்லை.
தெர்மோலி என்ற பெயர் வாய்க்கு இதமாக இருந்தது,
அவ்வளவுதான்.

ஒரெஸ்தே ஏன் என்று கேட்கவில்லை.
முப்பத்தொரு வருடத்தில் அவன் கேட்காமல் விட்டவற்றை
ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால்
இந்தப் புகைபோக்கியின் உயரம் வரும்.
மாத்திரை டப்பாவையும் சார்ஜரையும்
என் பையில் திணித்துவிட்டு,
"ராத்திரி ஒரு மணிவாக்கில் நீ இருக்கிற ஊரைத் தாண்டுவோமாம்.
பால்கனி விளக்கைப் போட்டுப் போட்டு அணைக்கிறேன்.
பார்" என்றான்.

ரயில் கடலை ஒட்டியே போகிறது.
தண்டவாளத்துக்கும் அலைக்கும் நடுவே
நாணல், காயப்போட்ட நீச்சலுடைகள்,
மரக்கால்களில் நிற்கும் மீன்பிடிக் குடில்கள்,
இறங்கலாமா வேண்டாமா என்ற யோசனையில்.
கப்பல் எங்கோ பின்னால், இன்னும் கயிறு அவிழ்க்காமல்.
ஆறு நாளில் முதல்முறையாக
அதை முந்திக்கொண்டு போகிறேன்.

மீன்கடைக்கு மேலே ஓர் அறை.
"எத்தனை பேர்?" என்றாள் நுன்சியாத்தினா.
ஒருத்தி என்றேன்.
என் தோளுக்குப் பின்னால் எட்டிப் பார்த்துவிட்டுத்தான்
சாவியைத் தந்தாள்.

கட்டில் அசையவில்லை.
இதற்காகத்தான் ஏங்கிக் கிடந்தேன்.
இப்போது அது அசையாததாலேயே தூக்கம் வரவில்லை.

ஒன்றுக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது வந்தது.
ஊரைவிட்டு ஒரு தெரு மட்டும்
தனியாகக் கிளம்பிப் போவதுபோல, சத்தமில்லாமல்,
விளக்குகளோடு.
எங்கள் அறை எது? எண்ண முடியவில்லை.
நடுவில் எங்கோ ஒரு பொட்டு
அணைந்தது, எரிந்தது. அணைந்தது,
எரிந்தது.

நான் சுவிட்சுக்கு ஓடினேன்.
பதினான்கு தடவை இருக்கும்.
பக்கத்து மாடியில் நாய் குரைத்தது.
கதவைத் தட்டி, இரவு உடையில்,
கையில் மெழுகுவர்த்தியோடு நுன்சியாத்தினா:
"ஃபியூஸ் போய்விட்டதா?"
"என் கணவரோடு பேசிக்கொண்டிருந்தேன்."
அவள் என்னைப் பார்த்தாள், கடலைப் பார்த்தாள்.
"என் வீட்டுக்காரர் போனையே எடுப்பதில்லை" என்று சொல்லி
மெழுகுவர்த்தியை வைத்துவிட்டுப் போனாள்.

காலை பாரியில் நான்தான் முதலில்.
துறைமுகக் கடையில் இரண்டாவது காப்பி முடிகிறபோது
அது மெல்லப் பின்புறமாகத் திரும்பி
கரையைத் தேடிற்று.
அவ்வளவு பெரிய கப்பலுக்குக் காத்திருந்தவர்கள்
கயிறு பிடிக்க மூன்று பேர்.
நான்காவதாக நான்.

டிங்.
"இப்போது சரி" என்றான் ஸ்வோனிமிர்,
என்னிடம் அல்ல, கணக்கிடம்.

ஒரெஸ்தேயின் கன்னத்தில் தலையணை மடிப்பு.
"பத்தரைக்கே தூங்கிப்போனேன், லொரேத்தா.
கப்பலைப் பார்த்தாயா?"
"பார்த்தேன்."

காலை உணவுக் கூடத்தில்
தட்டோடு நகரும் ஒவ்வொரு முகமாகப் பார்க்கிறேன்.
தர்பூசணித் துண்டுகளுக்கு நடுவே தயங்கும் கிழவர்.
ஜன்னலோரம், கண் சிவந்த, மோதிரமில்லாத பெண்.
கரையில் ஒரு ஜன்னல் பதில் சொன்னதை
யாரோ ஒருவர் இன்று
யாரிடமும் சொல்லாமல் ரொட்டிக்கு வெண்ணெய் தடவுகிறார்.

"என்ன தேடுகிறாய்?" என்றான் ஒரெஸ்தே.
அவன் கேட்டேவிட்டான்.
உப்பு என்றேன்.
காலடியில் தரை லேசாக ஆடத் தொடங்கியது.
கப்பல் இன்னும் கட்டியேதான் கிடந்தது.